மடப்பள்ளியிலும் ஆலையிலும் அடுப்பு மூட்டிய எங்கள் அண்ணா

எங்கள் அண்ணா ஆசார்யன் திருவடி அடைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. வருஷாப்திகத்துக்கு வருகிறவர்கள் கையில் ஒரு நினைவு மலரைக் கொடுக்க வேண்டும் என்று அவருடைய பிள்ளைகள் இருவரும் ஆசைப்பட்டார்கள். "அத்தை, அப்பாவோட சின்ன வயசைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் எழுதணும்" என்று என்னிடம் வந்து நின்றார்கள். உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. மனத்தில் இருப்பதை அப்படியே எழுதியிருக்கிறேன். பெரியவர்கள் பிழை பொறுக்க வேண்டும்.

அண்ணா பிறந்தது திருவள்ளூரில். வீரராகவப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் எங்கள் அகம். எங்கள் அப்பாவுக்குக் கோயில் மடப்பள்ளியில் முறைக் கைங்கரியம். எங்கள் முறை நடக்கும் நாட்களில் விடியும் முன்பே குளித்துவிட்டு ஈர வேட்டியோடு போய்விடுவார். புளியோதரையும் ததியோதனம் என்கிற தயிர்சாதமும் பொங்கலும் அவர் கைத் தளிகை. பெருமாள் அமுது செய்வதற்கு முன் அதை யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. அப்படியானால் உப்பும் புளியும் சரியாக இருப்பது எப்படித் தெரியும் என்று நாங்கள் கேட்போம். "நாம தேடிண்டு போய் முகரக் கூடாது. ஆவி தானா வந்து சொன்னா, காதுல போட்டுக்க வேண்டியதுதான்" என்பார் அப்பா. அண்ணாவுக்கும் அந்த மூக்கு வாய்த்திருந்தது. கூடத்தில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டே, "அம்மா, சாத்தமுதுல உப்பு போடலை" என்று குரல் கொடுப்பார். நாங்கள் ரசத்தைச் சாத்தமுது என்போம். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உப்பு ஜாடியை எடுப்பார்.

வெளியூர்க்காரர்களுக்குத் திருவள்ளூர் என்றால் அமாவாசை. முதல் நாள் மாலையிலிருந்தே ரயிலில் கூட்டம் வந்து இறங்கும். ஸ்டேஷனிலிருந்து கோயில்வரை ஜட்கா வண்டிகள் வரிசை பிடித்து ஓடும். குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் அதுபோல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. அதனால் குளக்கரையில் வெல்லமும் பாலும் உப்பும் மிளகும் விற்கும் கடைகள் முளைக்கும். பொதட்டூர்பேட்டையிலிருந்து நெசவாளர்கள் துணி மூட்டையோடு வந்து கடை விரிப்பார்கள். பித்ருக்களுக்குத் தர்ப்பணம் பண்ணிவைக்கும் சாஸ்திரிகளுக்குத் தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. எங்கள் தெருவில் எல்லா வீடுகளிலும் முன்கூடம் யாத்ரீகர்களுக்குத்தான். மறுநாள் மதியத்தோடு எல்லாம் ஓய்ந்து, அரிசி ஆலைக்கு நெல் ஏற்றிப் போகும் வண்டிகளும், காலை ரயிலில் பட்டணத்துக்குப் போகும் பால் கேன்களும் கீரைக் கூடைகளுமாக ஊர் தன் பழைய நடைக்குத் திரும்பும். அந்த ஒரு நாளில் வந்ததை வைத்துத்தான் பல குடும்பங்கள் அடுத்த அமாவாசைவரை ஓட்டின. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. அப்பா கோயிலில் இருப்பார். அம்மாவும் அண்ணாவும் வீட்டில் யாத்ரீகர்களுக்குச் சமைத்துப் போடுவார்கள்.

அறுபதுகளில் அண்ணா பள்ளி இறுதி வகுப்பு தேறினார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்ததுதான் மிச்சம். கோயில் முறையில் அப்பாவுக்குக் கைகொடுக்கலாம், ஆனால் இன்னொருவருக்குச் சம்பளம் கிடையாது. கல்யாணச் சமையல்காரர்களோடு அரக்கோணம், காஞ்சிபுரம் என்று போய்வந்தார். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் சும்மா இருப்பார். சும்மா இருந்த அண்ணாவை நான் பார்த்திருக்கிறேன். சமையற்கட்டில் பளபளவென்று இருக்கும் பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் துலக்கிக்கொண்டிருப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை எழும்பத் தொடங்கியது. அங்கே புதிதாக வந்த ஓர் இரும்புக் கம்பி ஆலையின் மேலாளர், தன் தகப்பனாருக்குத் தர்ப்பணம் பண்ண ஓர் அமாவாசைக்கு வந்து எங்கள் அகத்தில் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு நேரே சமையற்கட்டு வாசலுக்கு வந்தார்.

"எங்க ஆலையில கேண்டீன் ஆரம்பிக்கிறோம். நீங்க வந்து நடத்துறீங்களா?"

அண்ணா அப்பாவைப் பார்த்தார். கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அப்பா, "தளிகை பண்றதுதானே. போயிட்டு வரட்டும். ஆனா நம்ம முறைக்கும் அமாவாசைக்கும் இங்கே வந்துடணும்" என்றார். மேலாளரும் ஒப்புக்கொண்டார்.

அண்ணா கும்மிடிப்பூண்டியில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். வார விடுமுறைக்குப் பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி ஊருக்கு வருவார். வந்ததும் எனக்கு ஆலைக் கதைதான். பழுக்கக் காய்ந்த இரும்பு பாம்பு மாதிரி நெளிந்து ஓடும் என்பார். அதை இடுக்கியால் பிடித்துத் திருப்புகிறவர்கள் கவரைப்பேட்டையிலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும் ஆந்திர எல்லை தாண்டியும் வருகிறவர்கள். சட்டை பிழிந்தால் வேர்வை சொட்டும். அவர்களுக்குப் பரிமாறுவதில் அண்ணாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

முதல் மாதம் எல்லோரும் கொண்டாடினார்கள். பிறகு கூட்டம் மெல்லக் குறைந்தது. பலர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அண்ணா வடித்த சோறு மிஞ்சியது. அவருக்குக் காரணம் புரியவில்லை. உலைக்களத்தில் வேலை செய்த ஏழுமலை என்பவர்தான் கடைசியில் வாய்விட்டுச் சொன்னார்.

"சாமி, தப்பா எடுத்துக்காத. உன் சாப்பாடு கோயில் பிரசாதம் கணக்கா கீது. ஆனா தெனமும் பிரசாதமே துன்னுக்கினு நெருப்பாண்ட நிக்க முடியுமா? வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல. ஒரு கருவாடு இல்ல. ஒடம்பு கேக்குது சாமி."

"வெங்காயம் பூண்டுக்கு நான் வழி பண்றேன். கருவாட்டுக்கு நான் என்ன பண்ணுவேன் ஏழுமலை?"

"அத்த நீதான் ரோசன பண்ணணும்."

மேலாளரும் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சாப்பாட்டுல குறை இல்லை. சாப்பிடத்தான் ஆள் இல்லை. மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. சரிப்படலேன்னா பட்டணத்துல ஒரு ஓட்டல்காரர் கேட்டுக்கிட்டிருக்கார், அவருக்குக் கொடுத்துடுவேன்" என்றார். அப்போது எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாவின் சம்பளத்தை நம்பித்தான் அப்பா ஜாதகத்தையே வெளியில் எடுத்திருந்தார்.

ஆலை வாசலில் கன்னியம்மா என்றொரு பெண்மணி கூடையில் கருவாடு வைத்து விற்பார். பழவேற்காடு ஏரிப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். அண்ணா ஒருநாள் அவர் கூடைக்கு எதிரே போய் நின்றார். வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

"உள்ளே வந்து ஆலை ஆட்களுக்குச் சமைச்சுத் தர முடியுமாம்மா? வாரத்துல ரெண்டு நாள்."

"இன்னா சாமி, கிண்டல் பண்றியா? உன் அடுப்பாண்ட கருவாடு வேவுமா?"

"என் அடுப்பு வேற, உங்க அடுப்பு வேற. முற்றத்துக்கு அந்தண்டை ஒரு கொட்டகை போட்டுத் தரச் சொல்றேன். புளியும் காரமும் நான் சரி பண்ணித் தரேன். மீன் மட்டும் உங்க கை."

கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "புளி கரைக்கிறதுதான் சாமி கொழம்பே. அத்த நீ கரைச்சிக் குடுத்துட்டா நான் இன்னாத்துக்கு?"

அந்தப் பதில் அண்ணாவுக்குப் பிடித்துவிட்டது. "அப்போ நீங்களே கரைங்கோ" என்று சொல்லிவிட்டார்.

கொட்டகை எழுந்தது. கருவாட்டுக் குழம்பு நாளன்று ஆலைச் சங்கு ஊதியதும் கேண்டீனில் உட்கார இடம் கிடைக்கவில்லை. மேலாளர் ஓட்டல்காரர் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டில் சமைக்கிற கைக்குத் திடீரென்று அத்தனை பேருக்கு அளவு போட வராது. உப்பு ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். அண்ணா முற்றத்தின் இந்தப் பக்கம் நின்றபடி, "கன்னியம்மா, உப்பு ஒரு கை குறையறது" என்பார். வாயில் வைக்காமலே எப்படித் தெரிகிறது என்று கன்னியம்மாவுக்கு ஆரம்பத்தில் சந்தேகம். ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்ப்பார். குறைந்துதான் இருக்கும். எந்த மடப்பள்ளிக்காகப் பழகிய மூக்கு எங்கே வந்து உழைக்கிறது பார் என்று அண்ணா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வீட்டில் என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

ஆனால் செய்தி எத்தனை நாள் அங்கேயே நிற்கும்? கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து அமாவாசைக்கு வந்த ஒருவர், குளக்கரையில் வைத்தே அப்பாவிடம் கேட்டுவிட்டார்: "உங்க பிள்ளை ஆலையில கருவாடு சமைக்கிறாராமே?"

அப்பா வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் அப்படியே சொல்லிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். அம்மாவோ, பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால் என் கல்யாணம் என்னாவது என்று மூலையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வார விடுமுறைக்கு அண்ணா வந்தபோது அப்பா குரலை உயர்த்தவில்லை.

"நீ அடுப்பு மூட்டற இடத்துல கருவாடு வேகறதாமே?"

"என் அடுப்புல இல்லைப்பா. தனிக் கொட்டகை. நான் தொடறதில்லை."

"சரி. இந்த முறைக்கு நீ மடப்பள்ளிக்கு வர வேண்டாம். நான் பார்த்துக்கறேன்."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு அண்ணா கிணற்றடிக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தபோது கண் சிவந்திருந்தது.

அந்த முறை அப்பா தனியாகவே சமாளித்தார். அவருக்கு மணிக்கட்டில் வலி. அண்டா இறக்கும்போது அண்ணா ஒரு பக்கம் பிடிப்பது வழக்கம். இப்போது வேறு யாரையோ கூப்பிட வேண்டியிருந்தது. முறை முடிந்த மறுநாள் காலை அப்பா என்னிடம், "புடவை மாத்திண்டு கிளம்பு. கும்மிடிப்பூண்டிக்குப் போயிட்டு வரலாம்" என்றார். நான் மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். அம்மா புளிசாதம் கட்டிக்கொடுத்தார். ரயிலில் வழியெல்லாம் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் ஆலைக்குள் போனபோது மதியச் சங்கு இன்னும் ஊதவில்லை. அண்ணா எங்களைக் கண்டு கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். அப்பா அவரிடம் எதுவும் கேட்காமல் கேண்டீனைச் சுற்றிப் பார்த்தார். அண்ணாவின் அடுப்படியில் கோலம் போட்டிருந்தது. பாத்திரங்கள் எங்கள் அகத்தில் அடுக்கியிருப்பது போலவே அடுக்கியிருந்தன. பிறகு முற்றத்துக்கு வந்தார். அந்தப் பக்கம் ஓலைக் கொட்டகையில் கன்னியம்மா பெரிய சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். காற்று எங்கள் பக்கம் அடித்தது. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். அப்பா மூடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். கன்னியம்மா சட்டியை இறக்கத் துணி எடுத்தார்.

"ஏண்டா, இறக்கப் போறாளே. புளி இன்னும் பச்சையா இருக்கு. சொல்லு" என்றார் அப்பா.

அண்ணா அப்பாவைப் பார்த்தார். "நானும் அதைத்தான் சொல்ல நெனச்சேம்ப்பா" என்றார். பிறகு குரல் கொடுத்தார்: "கன்னியம்மா, இறக்காதீங்கோ. புளி கொதிக்கலை."

"யாரு சாமி அது பெரியவரு?"

"எங்கப்பா."

கன்னியம்மா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவைக் கும்பிட்டார். "வா நைனா. உன் புள்ள ஒருத்தரே வாசனை புடிச்சி என்னைப் பேஜாரு பண்ணிக்கினு இருந்தாரு. இப்ப நீயுமா?"

அப்பா சிரித்தார். அந்த மாதத்தில் அதுவரை அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

சங்கு ஊதியது. கரி பூசிய முகங்களோடு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அவர்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலை எழுந்து வந்து, "பெரிய சாமி, உங்க புள்ள வந்தப்புறம்தான் நாங்க சூடா துன்றோம்" என்றார். அப்பா அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைசிவரை குடித்ததும் இல்லை. கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை நாங்கள் ஸ்டேஷனில்தான் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்து அப்பா சொன்னார்: "அடுப்பைத் தனியாத்தான் வெச்சிருக்கான். நெருப்புல வேலை செய்யறவா பசியோட வரா. அவாளுக்கு வேண்டியதைப் போடறான். அடுத்த முறைக்கு அவன் வரட்டும். யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

சிலர் கேட்கத்தான் செய்தார்கள். அப்பாவும் பதில் சொன்னார். என்னைப் பெண் பார்க்க வந்த இடத்தில் என் மாமனார், "உங்க பையன் எங்கே வேலையா இருக்கான்?" என்று கேட்டார். அம்மா உள்ளே தூணைப் பிடித்துக்கொண்டார். அப்பா முழுக் கதையையும், கருவாடு உட்பட, ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். என் மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்தவர். "எங்க ரயில்வே கேண்டீனுக்கு அப்படி ஒருத்தர் கிடைச்சா தேவலை" என்றார். அந்தக் கல்யாணம் நடந்தது. சமையல் அண்ணாதான்.

அடுத்த தை அமாவாசைக்கு ஆலை லாரியில் ஒரு கூட்டமே எங்கள் ஊருக்கு வந்து இறங்கியது. ஏழுமலை குடும்பத்தோடு வந்தார். கன்னியம்மா முழங்கால் வலிக்காக வெல்லம் வாங்கிக் குளத்தில் கரைத்தார். அண்ணா விடியலில் குளத்தில் முழுகி மடப்பள்ளிக்குப் போயிருந்தார். அப்பாவும் அவரும் ஆளுக்கொரு பக்கம் அண்டாவைப் பிடித்து இறக்கினார்கள் என்று பிற்பாடு அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அன்று எங்கள் வீட்டில் பந்திக்கு மேல் பந்தி. அதன் பிறகு வருடா வருடம் அந்த லாரி வந்தது. குளக்கரைக் கடைக்காரர்கள், "உங்க ஆலைக்காரங்க வந்தாச்சா?" என்று எங்களிடம் விசாரிப்பார்கள்.

அண்ணாவுக்கும் கல்யாணம் ஆயிற்று. மன்னி கடம்பத்தூர்ப் பக்கம், நிலபுலம் உள்ள வீடு. வந்த புதிதில், "கல்யாணத்துக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிட்டார். எனக்கென்ன, வரும்போது நல்லாக் குளிச்சுட்டு வந்தா சரி" என்று மன்னி என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. எழுபதுகளின் பின்பாதியில் மின்வெட்டால் ஆலை சில மாதம் மூடிக்கிடந்தது. அண்ணா ஊருக்கு வந்து யாத்ரீகர்களுக்குச் சமைத்தார். ஏழுமலையையும் இன்னும் சிலரையும் வரவழைத்து அறுவடைக்கு மன்னியின் பிறந்தகத்தில் வேலை வாங்கிக்கொடுத்தார். ஆலை திறந்ததும் எல்லோரும் ஒரே ரயிலில் திரும்பிப் போனார்கள். பிறகு அக்கம்பக்கத்து ஆலைகளும் அவரையே கேண்டீன் நடத்தச் சொல்லின. அப்பாவுக்குப் பிறகு கோயில் முறையும் அண்ணாவுக்கே வந்தது. இரண்டையும் அவர் ஓய்வு பெறும்வரை விடவில்லை. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் குறைத்துப் பேசி நான் கேட்டதும் இல்லை.

பிள்ளைகள் தலையெடுத்தபின் அண்ணா திருவள்ளூரிலேயே நிம்மதியாக இருந்தார். போன வருடத்துக்கு முந்தின மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. படுத்த படுக்கையான பிறகும் முகம் வாடவில்லை. பேரன் பேத்திகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பேசுவார். கடைசி வாரம் நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு காலை வேளையில், மன்னி திருப்பாவை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சிரமம் இல்லாமல் மூச்சு அடங்கியது.

அண்ணாவைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட மன்னிக்கு என் நமஸ்காரம்; பிள்ளைகளுக்கும், மாட்டுப்பெண்களுக்கும் என் ஆசிகள். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வீட்டுக்கே வந்து பார்த்த எங்கள் தெரு டாக்டருக்கும், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் அவரைத் திருப்பிப் படுக்கவைத்த ஆயாக்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். செய்தி கேட்டதும் கும்மிடிப்பூண்டியிலிருந்து வேலைக்கு லீவு போட்டு ஓடிவந்து, மயானம்வரை கூடவே நடந்த ஏழுமலையின் மகன்களை நாங்கள் மறக்க மாட்டோம். கன்னியம்மா இன்று இல்லை. அவருடைய மகள் பதின்மூன்று நாளும் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்து காய் நறுக்கிக் கொடுத்தார். அவருக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார், ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று வந்திருக்கும் எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாப்பாட்டில் ஏதாவது குறை இருந்தால் தயங்காமல் என்னிடம் சொல்லுங்கள். அண்ணா இருந்திருந்தால் உங்களைச் சொல்லவிட்டிருக்க மாட்டார். நீங்கள் எழுந்த பிறகு இலையைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.